ஏழாவது கட்டடம்

"'ஒரு கட்டடமும் லாயக்கில்லீங்க சாமி. ஒரு கட்டடமும் லாயக்கில்லீங்க சாமி.' காலையிலிருந்து இதையேதான் சொல்றீங்க, இன்ஜினீயரம்மா. வேற ஏதாவது சொல்லத் தெரியுமா?" என்றார் சாமி.

"லாயக்கில்லாததுக்கு ஆரத்தியா எடுக்கணும்?" என்றாள் சௌந்தரவல்லி.

பாலிடெக்னிக்கில் முப்பது வருஷம் கட்டடம் கட்டச் சொல்லிக்கொடுத்துவிட்டு, மனதை அடக்கலாம் என்று ஆசிரமத்துக்கு வந்தவள். ஆசிரமத்தை நடத்தும் சாமி அவளைவிடப் பதினோரு வயது இளையவர். வந்தவளின் கையில் அளக்கிற டேப்பைக் கொடுத்து மூன்று நாளாக அலையவிட்டிருந்தார். மனம் எங்கே அடங்கும்? வாய்தான் நீண்டது.

மலைச்சரிவில் மண் இறங்கி வீடிழந்த பன்னிரண்டு குடும்பங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கிடந்தன. திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. அதற்குள் காலி செய்தாக வேண்டும். புது வீடு வர ஒரு வருஷமாவது ஆகும். "நம்ம கட்டடங்கள்ல எது வீடா மாறும்னு அளந்து, பத்துக்கு மார்க் போட்டுச் சொல்லுங்க" என்றிருந்தார் சாமி.

இன்றைக்குச் சனிக்கிழமை.

"தியான மண்டபம்?"

"தரை சினிமாக் கொட்டகை மாதிரி சரிவு. படுத்தா விடியறதுக்குள்ள எல்லாரும் உருண்டு மேடைக்கு வந்துருவாங்க. ஜன்னல் ஒண்ணும் திறக்காது. ரெண்டு மார்க்."

"விடுதி?"

"ஒவ்வொரு அறையும் ஒரே ஒரு ஆள் முக்தியடையற அளவுங்க. இடைச்சுவரை எடுத்தா மாடி கீழே இறங்கிடும். மூணு."

"நூலகம்?"

"ஒழுகுது. ஒண்ணு."

"சமையல்கட்டு, ஆபீஸ்?"

"ஒண்ணுல புகை. ஒண்ணுல பொறுப்பாளர். ரெண்டையும் வெளியேத்த முடியாதுங்க."

"கோசாலை?"

"அதுல மாடு இருக்குங்க சாமி."

சாமி சிரிக்கவில்லை. "ஏழாவது?"

"ஆறுதானுங்க இருக்கு."

"ஏழு. போய்ப் பாருங்க."

போனாள். மழைத் தூறலில் வளாகத்தைச் சுற்றினாள். புடவை நனைந்து வந்தாள்.

"ஆறு."

"ஏழு."

மறுபடி போனாள். பம்புசெட்டைக்கூட எட்டிப் பார்த்தாள். சேற்றில் ஒரு செருப்பை விட்டுவிட்டு வந்தாள்.

"சாமி, எனக்கு எண்ணத் தெரியும். ஆறு. பெரியவர் அறையைச் சொல்றீங்கன்னா, அது கட்டடமே இல்லீங்க. சந்நிதி."

"மேல ஓடு இருக்கா?"

"இருக்கு."

"கீழ தரை?"

"இருக்கு."

"ஏழு."

சாமியின் குருவான பெரியவர் மறைந்து ஒன்பது வருஷம். இன்றும் தினமும் மாலையில் அவர் கட்டிலில் படுக்கை விரிப்பார்கள். காலையில் உதறிச் சுருட்டிவைப்பார்கள். பாதுகைக்குப் பால் விட்டுத் துடைத்துக் கதவைப் பூட்டுவார்கள். அங்கே டேப்போடு நுழைய அவளுக்குக் கூசியது. நுழைந்தாள்.

அறையா அது? அறுபதடி நீளக் கூடம். முதலில் நெல் கொட்டிவைத்த கிடங்கு. பிறகு பட்டுப்புழு வளர்த்த மனை. தட்டுகளைத் தாங்கிய கட்டைகளின் தழும்பு இன்னும் சுவரில் வரிசையாக இருந்தது. பெரியவர் வந்து ஒரு மூலையில் பாயை விரித்த பிறகும், மறுமூலையில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்களாம். இரண்டு பக்கமும் ஜன்னல். இரண்டு முனையிலும் தண்ணீர்க் குழாய். நடுவில் தூணே கிடையாது. பாரமெல்லாம் வெளிச்சுவரில். இரண்டு வரிசையாகப் பலகை வைத்துத் தடுத்தால் பன்னிரண்டு வீடு சுலபமாக வரும்.

முப்பது வருஷத்தில் ஒரு மாணவனுக்கும் போடாத பத்தைப் போட்டாள். அதையே ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அடித்துவிட்டாள்.

"எவ்வளவு?" என்றார் சாமி.

"சைபர்."

"ஏன்? சுவர் மாறாதா?"

"மாறும்."

"தண்ணி?"

"கொட்டுது."

"அப்புறம்?"

"என்ன அப்புறம்? தெரியாத மாதிரியே கேக்கறீங்களே! பெரியவர் பாதுகை அங்க இருக்குங்க சாமி. அதை எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

சாமி எழுந்தார். கூடத்துக்கு நடந்தார். என்னவோ ஏதோவென்று ஆசிரமமே பின்னால் போனது.

பீடத்திலிருந்த பாதுகையை எடுத்தார். கண்ணில் ஒற்றிக்கொள்வார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

தரையில் போட்டார். காலை நுழைத்தார். சற்றுப் பெரிதாக இருந்தது.

டக், டக்கென்று படியிறங்கி, சேற்றில் மிதித்து, பள்ளிக்கூடத்துப் பாதையில் போய்விட்டார்.

ஆபீஸ் பொறுப்பாளர் வாயைப் பொத்திக்கொண்டார். யாரோ விசும்பினார்கள்.

சௌந்தரவல்லிக்கு முதலில் கோபம்தான் வந்தது. இதை மூன்று நாள் முன்னாடியே செய்தால் என்னவாம்? புடவை மிச்சம், செருப்பு மிச்சம்.

பிறகு திரும்பி, அந்தக் கட்டிலைப் பார்த்தாள். சுருட்டி வைத்த படுக்கையைப் பார்த்தாள்.

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கால்மாட்டைப் பிடித்துத் தூக்கினாள். தேக்கு. அசையவில்லை.

"யாராச்சும் வாங்க."

வாசலில் நாற்பது பேர் கைகூப்பி நின்றார்கள்.

"கும்பிட்டது போதும், சாமிகளா! ஒருத்தராவது வந்து அந்தத் தலைமாட்டைப் பிடிங்க!"