இடப்பக்கத்து வரிகள்

சிறுமலையின் அடிவாரத்தில் இருந்த அந்தக் கன்னியர் மடத்தில் இருபத்திரண்டு சகோதரிகள் வாழ்ந்தனர். தலைவியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர் எந்த வயதினராயினும், மற்றவர்கள் அவரைத் தாயாக ஏற்றுத் தம் உள்ளத்தை அவரிடம் திறக்கவேண்டும் என்பது மடத்தின் விதி. ஆகவே அறுபத்தொன்பது வயதான சகோதரி அமலோற்பவம், தம்மைவிடப் பதினைந்து வயது இளையவரான தலைவி மதலேனிடம் மகளாகவே சென்றார்.

ஆகஸ்டு மாதம் ஆறாம் நாள். தலைவி தோட்டத்தில் பீர்க்கங்கொடிக்குப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார். அமலோற்பவம் ஒரு தாளை நீட்டினார்.

“இதில் நீங்கள் கையெழுத்திடவேண்டும், மதர்.”

தலைவி கையைத் துடைத்துக்கொண்டு வாசித்தார். துறவற உறுதிமொழியான வார்த்தைப்பாட்டிலிருந்து தம்மை விடுவிக்குமாறு ஆயருக்கு எழுதிய கடிதம் அது. இரண்டே வரிகள். அடித்தல் திருத்தல் இல்லை.

“ஒன்பது நாளில் உங்களுக்குப் பொன்விழா, அக்கா. ஆயர் வருகிறார். சலேத் இருநூறு பேருக்குப் பிரியாணி என்று அடுப்படியில் குதித்துக்கொண்டிருக்கிறாள்.”

“அதை நிறுத்தவேண்டாம். நான் இல்லாவிட்டாலும் அரிசி வேகும்.”

“எங்கே போவீர்கள்?”

“மணப்பாறையில் தம்பி மகள் இருக்கிறாள். மாடியில் ஓர் அறை காலியாக இருக்கிறதாம்.”

“கேட்டுவிட்டீர்களா?”

“கேட்டுவிட்டுத்தான் எழுதினேன்.”

“மணப்பாறையில் முறுக்கு நன்றாக இருக்கும். உங்களுக்குத்தான் பல் இல்லை.”

அமலோற்பவம் சிரிக்கவில்லை. தலைவி தாளை மடித்தார்.

“சரி. என்ன நடந்தது?”

“பக்தி போய்விட்டது.”

“எப்போது?”

“பதினொரு ஆண்டு இருக்கும். நாளைக் குறிப்பிட்டுச் சொல்ல முடியவில்லை. பால் திரிந்த நேரம் யாருக்குத் தெரியும்? வாயில் வைத்தபோது தெரிந்தது.”

“அதற்கு முன்பு?”

“மணி அடித்தால் எனக்கு முன்னால் என் கால் ஓடும். திருப்பாடல் பாதி ஆவதற்குள் கண் நிறைந்துவிடும். நற்கருணையின் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஐந்து நிமிடம் போலத் தோன்றும். இப்போது ஐந்து நிமிடம் ஒரு மணி நேரமாக இருக்கிறது. சொற்கள் வாயில் வருகின்றன, போகின்றன. ஆளில்லாத நிறுத்தத்தைப் பேருந்து கடந்து போகுமே, அப்படி.”

“இந்தப் பதினொரு ஆண்டில் எத்தனை நாள் செபத்துக்கு வரவில்லை?”

“கண்புரை எடுத்தபோது நான்கு நாள்.”

“மற்ற நாள்களில்?”

“வந்தேன். அதுதான் பொய்.”

அமலோற்பவமே தொடர்ந்தார்.

“பதினைந்தாம் நாள் பீடத்தின் முன் நான் தனியாக நின்று, முழு இதயத்தோடு என்னைக் கையளிக்கிறேன் என்று வாசிக்கவேண்டும். ஊரே கேட்டுக்கொண்டிருக்கும். பத்தொன்பது வயதில் அதை உண்மையாகச் சொன்னேன். அறுபத்தொன்பது வயதில் பொய்யாகச் சொல்லி அந்த உண்மையையும் கெடுக்கமாட்டேன்.”

தலைவி கடிதத்தைத் தம் அங்கியின் பையில் வைத்துக்கொண்டார்.

“பதினான்காம் நாள் மாலை கையெழுத்திடுகிறேன்.”

“அதுவரை?”

“அதுவரை நீங்கள் இந்த மடத்துச் சகோதரி.”

“போன பக்தியைத் திருப்பிக் கொண்டுவர வழி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், மதர். செய்துபார்க்கிறேன்.”

“இந்தக் கயிற்றைக் கொஞ்சம் பிடியுங்கள்” என்றார் தலைவி.

பந்தல் கட்டி முடியும்வரை அமலோற்பவம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேறு பதில் வரவில்லை.

ஆகவே அவர் தாமே வழி தேடினார். மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் முன்பாக எழுந்து முழந்தாளிட்டார். பகல் உணவை விட்டார். இரண்டு நாள் சென்றன. முழங்கால் வீங்கியதே தவிர வேறு எதுவும் நேரவில்லை.

அந்த மடத்தின் சிற்றாலயத்தில் இருக்கைகள் இரண்டு பக்கமாக எதிரெதிரே இடப்பட்டிருந்தன. திருப்பாடலின் ஒரு வரியை வலப்பக்கத்தார் பாடுவர். அடுத்த வரியை இடப்பக்கத்தார் பாடுவர். ஒரு பக்கம் பாடும்போது மறுபக்கம் வாய் திறவாது. முதல் வார்த்தைப்பாட்டன்று ஒருவருக்குக் கொடுக்கப்படும் இருக்கை, அவர் கல்லறைக்குச் செல்லும்வரை மாறுவதில்லை. அமலோற்பவத்தின் இடம் இடப்பக்கத்தில், சன்னலை ஒட்டியது. தலைவியின் இடம் வலப்பக்கத்தில் இருந்தது.

வாய் மூடியிருக்கும் நேரத்தில்தான் மனம் வெளியே போகிறது என்று அமலோற்பவம் கண்டார். அந்த இடைவெளியை அடைத்துவிட்டால் மனம் போவதற்கு வாசல் இராது. எட்டாம் நாள் காலைமுதல் இரண்டு பக்கத்து வரிகளையும் அவரே பாடத் தொடங்கினார். முதல் நாள் உதட்டளவில் பாடினார். மறுநாள் அருகில் நின்றவருக்குக் கேட்டது. மூன்றாம் நாள் எல்லாருக்கும் கேட்டது.

அன்று செபம் முடிந்ததும், வலப்பக்கத்தில் நிற்கும் சகோதரி சலேத் வாசலில் காத்திருந்தார். மடத்தின் சமையல் அவர் பொறுப்பு.

“அக்கா, எங்கள் பங்கையும் நீங்களே பாடிவிடுவதானால், நாங்கள் பத்துப் பதினொரு பேர் அடுப்பைப் பார்க்கப் போகலாமா?”

“பாடுவதில் என்ன குற்றம்?”

“குற்றம் என்று யார் சொன்னார்கள்? நீங்கள் மூச்சுவிட நேரமில்லாமல் ஓடுகிறீர்கள். உங்களைப் பிடிக்க நாங்கள் ஓடுகிறோம். இதில் ஆண்டவர் யாரைத்தான் கேட்பார், பாவம்.”

“அவர் என்னைக் கேட்கவேண்டும் என்றுதான் பாடுகிறேன்.”

“பகலில் சாப்பிடாமல் இப்படிப் பாடினால் அவர் உங்களை நேரிலேயே கூப்பிட்டுக் கேட்டுவிடுவார். ஒரு வாய்க் கஞ்சியாவது குடியுங்கள்.”

அமலோற்பவம் கஞ்சி குடிக்கவில்லை. வலப்பக்கத்தார் மூவர் தலைவியிடம் சென்று முறையிட்டனர்.

“தாளம் கெடுகிறது, மதர். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.”

“பாடட்டும்” என்றார் தலைவி.

பன்னிரண்டாம் நாள் மாலைச் செபத்தில் நீண்ட திருப்பாடல் ஒன்று வந்தது. அமலோற்பவம் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் இரு பக்கத்து வரிகளையும் பாடிச் சென்றார். பாதிக்கு மேல் குரல் கம்மியது. வலப்பக்கத்து வரி ஒன்றின் நடுவில் மூச்சு முற்றிலும் நின்றது. இருக்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அடுத்தது இடப்பக்கத்தாரின் வரி. அவர் பாட வேண்டிய வரி. அவரிடம் குரல் இல்லை. மற்றப் பத்துப் பேரும் அதை அவசரமின்றிப் பாடினர். வலப்பக்கத்திலிருந்து மறுவரி வந்தது. அவர் உட்கார்ந்திருக்க, திருப்பாடல் அதன் முடிவுவரை சென்று முடிந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் அமலோற்பவம் தம் பெட்டியைக் கட்டினார். இரண்டு மாற்றுடை, செபப் புத்தகம், மருந்துப் பை. தம்பி மகளைத் தொலைபேசியில் அழைத்து, பதினைந்தாம் நாள் காலையில் வருவதாகச் சொன்னார்.

“விழா அன்றைக்கா, அத்தை? நாங்கள் அல்லவா அங்கே வருவதாக இருந்தது? வேன் சொல்லியிருக்கிறாரே இவர்.”

“வேனை வேண்டாம் என்று சொல்லிவிடு.”

பதினான்காம் நாள் மாலை அவர் தலைவியின் அறைக்குச் சென்றார்.

“கையெழுத்துக்கு வந்தேன்.”

“இடுகிறேன். உட்காருங்கள். அதற்கு முன் எனக்கு ஒரு வேலை செய்து கொடுங்கள்.” தலைவி ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் நகர்த்தினார். “வெள்ளிக்கிழமைதோறும் காலையில் பாடுகிறோமே, ஐம்பத்தொன்றாம் திருப்பாடல். அதைப் புத்தகம் பார்க்காமல் எழுதுங்கள்.”

“எதற்கு?”

“நாளைக்குப் போய்விடுவீர்கள். உங்கள் கையெழுத்தில் ஒன்று இருக்கட்டும்.”

அமலோற்பவம் பேனாவை எடுத்தார். முதல் வரி உடனே வரவில்லை. அதற்கு இடம் விட்டு இரண்டாம் வரியை எழுதினார். மூன்றாம் வரி வாயின் ஓரம்வரை வந்து நின்றது. அதற்கும் இடம் விட்டார். நான்காம் வரி தடையின்றி வந்தது. ஆறாம் வரி வந்தது. எட்டாம் வரி வந்தது. எழுதி முடித்துத் தாளைப் பார்த்தார். ஒரு வரி, ஒரு வெற்றிடம். ஒரு வரி, ஒரு வெற்றிடம்.

உதட்டை அசைத்துப் பார்த்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து யாரேனும் பாடினாலொழிய அந்த வரிகள் அவர் நாவில் ஏறவில்லை.

“இரண்டாயிரத்து அறுநூறு வெள்ளிக்கிழமைகள்” என்றார். “பாதிதான் என்னிடம் இருக்கிறது.”

“வலப்பக்கத்து வரிகளையும் ஐந்து நாள் பாடினீர்களே.”

“புத்தகத்தைப் பார்த்துப் பாடினேன்.”

தலைவி தாளைத் தம் பக்கம் திருப்பினார். வெற்றிடங்களை மேலிருந்து கீழாக நிரப்பினார். அவரும் புத்தகம் பார்க்கவில்லை. பிறகு தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

“சரியாக இருக்கிறதா, பாருங்கள்.”

அமலோற்பவம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார்.

“ஒன்பதாம் வரியில் ஓர் ஒற்றெழுத்தை விட்டுவிட்டீர்கள்.”

“போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதிய வரிகளை என்னை எழுதச் சொன்னால் எனக்கு வராது, அக்கா. இருபத்தெட்டு ஆண்டாக எதிரே நின்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். நாவில் ஏறவில்லை.”

அமலோற்பவம் விடுபட்ட ஒற்றை இட்டார். தாளை மேசைமேல் வைத்தார்.

“நீங்கள் சொல்ல வருவது புரிகிறது, மதர். ஒரு பக்கம் ஓய்ந்திருந்தால் மறுபக்கம் பாடும். திருப்பாடலுக்கு அது சரி. நாளை நான் தனியாக நிற்கவேண்டும். அங்கே எதிர்ப்பக்கம் இல்லை. முழு இதயத்தோடு என்பதை ஒருவர்தான் சொல்லவேண்டும். எனக்காக அதை நீங்கள் சொல்ல முடியாது.”

“முடியாது” என்றார் தலைவி.

பிறகு அவரே கேட்டார்.

“ஐம்பது ஆண்டுக்கு முன் சொன்னபோது இதயம் முழுதாக இருந்ததா?”

“இருந்தது.”

“எப்படித் தெரியும்?”

“அழுதேன். அவ்வளவு இனிமையாக இருந்தது.”

“இனிமை இருந்தது, ஓடி வந்தீர்கள்.”

“அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.”

“அது போய்ப் பதினொரு ஆண்டு. கண்ணீர் இல்லை, இனிமை இல்லை. முழங்கால் வேறு வீங்கிக் கிடக்கிறது. ஆனாலும் நாளுக்கு ஐந்து முறை அந்தச் சன்னல் ஓரத்துக்கு வந்தீர்கள். எதற்காக வந்தீர்கள்?”

“பழக்கம்.”

“பழக்கம் வலிக்காது. உங்களுக்குப் பதினொரு ஆண்டாக வலித்திருக்கிறது.”

“மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற பயமாக இருக்கலாம்.”

“மற்றவர்களுக்குப் பயந்தவர், இருநூறு பேருக்குப் பிரியாணி சொன்ன பிறகு ஆயருக்குக் கடிதம் எழுதமாட்டார்.”

அமலோற்பவம் தம் கைகளைப் பார்த்தார். வேறு காரணம் தேடுபவர்போல நெடுநேரம் இருந்தார். பிறகு மிகத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

“ஆண்டவர் அங்கே இருந்தார், மதர். அவரை விட்டுவிட்டு நான் எங்கே போவது?”

தலைவி அங்கியின் பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். விரித்து, மடிப்பை நீவி, தாம் சொன்னபடியே கையெழுத்திட்டார். அதை அமலோற்பவத்தின் பக்கம் திருப்பி, பேனாவை அதன்மேல் வைத்தார்.

“எதற்காக விடுதலை கேட்கிறீர்கள் என்று ஆயர் காரணம் கேட்பார். இப்போது சொன்னீர்களே, அதையே எழுதிவிடுங்கள்.”