முதலில் உங்கள் கை

இந்தக் கதையை எங்கே கோணலாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. சொல்லாமல் விடவோ மனசு கேட்கவில்லை. கேளுங்கள்.

முன்னொரு காலத்தில், உங்கள் பாட்டனுக்கும் பாட்டன் பிறக்காத காலத்தில், பவளபுரி என்று ஒரு பட்டணம். அங்கே தெருத்தெருவாகக் குப்பை வண்டி தள்ளியவள் தேவானை. ஒரு நாள் ஒரு மந்திரவாதி ராஜாவிடம் வந்து, எல்லாக் குப்பையையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஊருக்கு வெளியே அனுப்புங்கள், அப்புறம் அது உங்கள் கண்ணிலேயே படாது என்றான். ஊரே அப்படிச் செய்தது. வெளியே எல்லாம் கலந்து ஒரு பூதம் எழுந்தது. எச்சில் சோறு அதன் சதை, பாலிதீன் பை அதன் தோல், உடைந்த கண்ணாடி அதன் பல். அந்தக் காலத்தில் ஏது பாலிதீன் என்று கேட்காதீர்கள், மாயாஜாலத்தில் எல்லாம் உண்டு.

மூட்டைகளை அங்கே கொண்டுபோய் அவிழ்த்துக் கொட்டுவது தேவானையின் வேலை. முதல் நாள் பூதத்தின் பல் கடித்துச் சுண்டுவிரல் கல்லானது. இரண்டாம் நாள் மோதிரவிரல் கல்லானது. மூன்றாம் நாள் வண்டிக்கடியில் ஒரு பெருச்சாளி பேசியது.

"இன்னொரு கடி பட்டால் கையே கல்லாகிவிடும், தேவானை. கலந்திருக்கும் வரைதான் அதற்கு உயிர். கலந்தவர்களே தங்கள் கையால் பிரிக்கணும்."

குப்பையைப் பிரித்துத் தரும்படி வணிகர் வீட்டில் கேட்டாள். அதற்குத்தானே உனக்குப் படியளக்கிறோம் என்றார்கள். பண்டிதர் வீட்டில் கேட்டாள். மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். மூன்றாவதாக அரண்மனைக்குப் போய், அரண்மனை மூட்டையை ராஜாவின் முன்னால் வைத்தாள்.

"ஒரே ஒரு தடவை நீங்க கையை விட்டு எடுங்க, மகாராஜா. அப்புறம் ஆயுசுக்கும் நான் அள்ளுறேன்."

ராஜா மந்திரியைப் பார்த்தார். மந்திரி சேனாதிபதியைப் பார்த்தார். சேனாதிபதி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"புலி வேட்டைக்குப் போற கை, சொந்த வீட்டுக் குப்பைக்கு நடுங்குதா? உங்க கைன்னா சதை, என் கைன்னா கரண்டியா?"

ராணிதான் எழுந்து வந்தாள். காலையில் தான் உடைத்த பன்னீர்க் குப்பியைத் துழாவி எடுத்து, துணியில் சுற்றித் தனியே வைத்தாள். ஊருக்கு வெளியே பூதத்தின் ஒரு பல் உதிர்ந்தது.

வெட்கப்பட்டு ராஜாவும் மூட்டைக்குள் கையை விட்டார். பிறகு ஊரே தன் தன் மூட்டைக்குள் கையை விட்டுப் பிரித்தது. சோறு எருக்குழிக்குப் போனது, பூதத்தின் சதை போனது. பைகளைக் கழுவித் தனியே கட்டினார்கள், தோல் போனது. கண்ணாடி உலைக்குப் போனது, பல் போனது. மந்திரவாதி போன திசை தெரியவில்லை. தேவானையின் விரல்கள் மறுபடி சதையாகி மடங்கின. வேண்டியதைக் கேள் என்றார் ராஜா. கலந்த மூட்டையைத் தொடமாட்டேன் என்று சொல்லும் உரிமையைக் கேட்டாள், கிடைத்தது.

ஆனாலும் அவள் யாரையும் நம்பிவிடவில்லை. அன்றிலிருந்து எந்த வாசலில் மூட்டையை நீட்டினாலும், தேவானை வண்டியை நிறுத்திவிட்டுக் கைகட்டி நிற்பாள். வீட்டுக்காரர் முதலில் தன் கையை விட்டுத் துழாவிக் காட்ட வேண்டும். அதற்கப்புறம்தான் அவள் கை நீளும்.