உப்பாற்று அத்தியாயத்தை அழித்தது யார்?

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். தீர்ப்பு உங்களுடையது.

நாகர்கோவிலில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஜெயசிங் ஒரு நாவல் எழுதினார். பெயர் 'ஈய மலைக்கு அப்பால்'. பெரியவர்களுக்கான மாயச் சாகசக் கதை. அரசனின் களவுபோன நிழலை மீட்கப் புறப்படுகிறான் கொற்றன் என்ற படைவீரன். வழியெல்லாம் பறக்கும் பாம்புகள், பேசும் கோட்டைகள்.

ஊர் வாசகர் வட்டம் அதைப் பற்றிப் பேச இருவரை அழைத்தது. ஒருவர் ஜெயசிங்கின் பள்ளித் தோழர் குமாரதாஸ். இன்னொருவர் மகளிர் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் மங்கையர்க்கரசி. அவர் ஒரு நூலைப் பற்றிச் சொல்லிவிட்டால் அந்த ஊரில் மறுபேச்சு கிடையாது.

புத்தகம் கைக்கு வந்ததும் மங்கையர்க்கரசி செய்த முதல் வேலை, நெருப்புக் கக்கும் பாம்பு போட்ட அட்டையைச் செய்தித்தாளால் மூடியதுதான். கல்லூரித் துறையில் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

குறைகளுக்குப் பஞ்சமில்லை. கொற்றன் மாட்டிக்கொண்ட போதெல்லாம் எங்கிருந்தோ ஒரு மந்திரம் வந்து காப்பாற்றியது. அவனை நேசித்த பெண்கள் அவனுக்கு ஆத்திரம் மூட்டுவதற்காகவே செத்தார்கள். நடுவில் ஒரு படையெடுப்பு முடியவே மாட்டேன் என்றது. ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே போனார். ஆனாலும் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. கோட்டைக் கதவு வாய் திறந்து பேசியபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

பிறகு உப்பாற்று அத்தியாயம் வந்தது. அந்த ஆற்றில் ஓடம் விடுகிறவள் ஒரு கிழவி. ஒவ்வொரு முறை அக்கரை போகும்போதும் அவளுடைய நினைவில் ஒன்றை ஆறு வாங்கிக்கொள்ளும். ஒருநாள் அவளுடைய மகளே வந்து ஓடத்தில் ஏறுகிறாள். "நீ யாரம்மா?" என்று கிழவி கேட்கிறாள். "வழிப்போக்கி" என்று சொல்லிவிட்டு, அக்கரை சேரும்வரை துடுப்புப் பிடித்த கிழவியின் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் மகள்.

மங்கையர்க்கரசியின் அம்மா கடைசி வருடத்தில் மகளை யாரென்றே தெரியாமல், "டீச்சரம்மா, எங்க வீட்டுல ஒரு புள்ள இருந்துச்சே, பாத்தீங்களா?" என்று கேட்டபடி இறந்தவர். கல்லூரிக்குப் போகும் பேருந்தில் அதைப் படித்து, எல்லாரும் பார்க்க அழுதார் பேராசிரியர். இறங்க வேண்டிய நிறுத்தமும் போய்விட்டது. அந்த அத்தியாயத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

கூட்டத்தில் குமாரதாஸ் முதலில் பேசினார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை எல்லாமே அற்புதம் என்றார். குறை ஒன்றையும் சொல்லவில்லை. நண்பன் மனம் நோகக் கூடாதே.

அடுத்து மங்கையர்க்கரசி எழுந்தார். முன்வரிசையில் அவருடைய துறைக்காரர்கள். அவர்களில் ஒருத்தி சற்றுமுன்தான், "மேடம், இந்தப் பாம்புக் கதையெல்லாம் நீங்க படிப்பீங்களா?" என்று சிரித்திருந்தாள். குறைகளை வரிசையாகச் சொன்னார். எல்லாம் நியாயமான குறைகள். உப்பாறு என்ற சொல் வந்ததும் அம்மா நினைவு வந்தது. சபையில் அழுதுவிடுவோமோ என்று பயம் வந்துவிட்டது. குரலைக் கடினமாக்கிக்கொண்டு, "அந்த அத்தியாயமும் கதைக்குத் தேவையில்லை. எடுத்துவிட்டாலும் கதை நகரும்" என்றார். பொய்யில்லை. எடுத்துவிட்டாலும் கதை நகரத்தான் செய்யும்.

கூட்டம் கலைந்த பிறகு ஜெயசிங் தயங்கியபடி அருகில் வந்தார்.

"ஏதாவது ஒரு இடமாவது பிடிச்சிருந்துதா, மேடம்?"

அந்தத் துறைக்காரி பக்கத்திலேயே நின்றாள். "முழுசாப் படிச்சேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார் மங்கையர்க்கரசி.

அடுத்த ஆண்டு இரண்டாம் பதிப்பு வந்தது. முதல் பிரதியைக் கல்லூரிக்கே கொண்டுவந்து கொடுத்தார் ஜெயசிங்.

"நீங்க ஒருத்தர்தான் மேடம் உண்மையைச் சொன்னீங்க. சொன்னதையெல்லாம் திருத்திட்டேன். உப்பாத்தையும் எடுத்துட்டேன். நாவல்ல முதமுதலா எழுதினதே அதைத்தான். என்ன செய்ய, எழுதினவனுக்குத் தன் குறை தெரியாதுல்லா?"

மங்கையர்க்கரசிக்கு முகம் சுண்டிப்போனது. அவர் கையிலிருந்த புத்தகம் முன்னதைவிட நல்ல புத்தகம். அவர் நேசித்த பக்கங்கள் மட்டும் அதில் இல்லை.

இனி சொல்லுங்கள். பிடித்ததையும் பிடிக்காததையும் ஒரே தட்டில் வைத்துப் புகழ்ந்தவர் குமாரதாஸ். உண்மையைச் சொல்லியும் பாதியை மறைத்தவர் மங்கையர்க்கரசி. தன் மனசு சொன்னதை விட்டுவிட்டு பிறர் பேச்சைக் கேட்டவர் ஜெயசிங். இவர்களில் அந்த அத்தியாயத்தை அழித்தது யார்?

விடை: குமாரதாஸுக்கு அதன் அருமை தெரியாது; எல்லாவற்றையும் புகழ்ந்ததால் அவர் சொல்லுக்கு மதிப்பில்லாமல் போனது, அவ்வளவுதான். ஜெயசிங் தன் எழுத்தையே சந்தேகப்பட்டார், ஆனால் நேரில் வந்து கேட்கவும் செய்தார். அதன் அருமை தெரிந்தும், கேட்ட பிறகும், வாய் திறக்காதவர் மங்கையர்க்கரசி. அழித்தவர் அவர்தான். இது நான் சொல்லும் தீர்ப்பில்லை. புத்தகம் கைக்கு வந்த அன்றே, கல்லூரியில் துறைக்காரர்கள் எல்லாரும் இருக்கும்போதே அவர் தன் வாயால் ஜெயசிங்கிடம் சொன்னது. அம்மாவைப் பற்றியும் சொன்னார், பேருந்தில் அழுததையும் சொன்னார். ஜெயசிங் அந்தப் புதுப் பிரதியை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பிறகு, கோபமே இல்லாமல், "அப்படீன்னா மத்தக் குறையெல்லாம் நெசந்தானா, மேடம்? இனி உங்க பேச்சில எதை நம்பணும்னு எனக்குத் தெரியலியே" என்றார்.