பாதிக் கடைசல்

"ஏழு வருஷமா ஒரு நாள் தப்பாம எண்ணெய் விடறனுங்க. அப்பவும் லேத் இறுகிப் போச்சு. இது என்ன நியாயமுங்க?"

சென்னியப்பன் இதைக் கேட்டது பாத்திமுத்து மேஸ்திரியிடம்.

கோவை கணபதியில் இரும்பு கடையும் பழைய லேத்துகளைப் பிரித்துச் சரிசெய்யும் ஷெட் அந்த அம்மாவுடையது. வயது நாற்பத்தைந்து இருக்கும். ஒரு வார்த்தை போதும் என்கிற இடத்தில் அரை வார்த்தையோடு நிறுத்திக்கொள்கிற ஆள். பதில் கிடைக்கும் என்று யாரும் அங்கே போவதில்லை. லேத் ஓடும் என்றுதான் போவார்கள்.

சென்னியப்பனுக்கு அறுபத்தாறு. மில்லில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுக் கார் ஷெட்டில் கார் கிடையாது, ஒரு லேத் இருக்கிறது. அதில் இவர் இரும்பு கடைந்ததுண்டா என்றால், கிடையாது. கடைந்தது மகள். இவர் எண்ணெய் மட்டும் விடுவார்.

மேஸ்திரி டீயைக் குடித்து முடித்தார்.

"எண்ணெய் விடறதுக்கு முந்தி என்ன பண்ணுவீங்க?"

"கேனை எடுப்பனுங்க."

மேஸ்திரி எழுந்தார். மூலையில் இருந்த சாக்கில் கையை விட்டு, எண்ணெய் துடைக்கும் கழிவுத் துணியான பனியன் வேஸ்டை ஒரு பிடி எடுத்தார். அதைச் சென்னியப்பன் கையில் வைத்தார்.

"போயிட்டு வாங்கண்ணா."

அவ்வளவுதான். அடுத்த லேத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது. முந்நூறு பேரை மில் கேட்டில் வரிசையாக நிறுத்தி உள்ளே விட்ட மனிதர். அவர் கையில் பனியன் துணியைக் கொடுத்து அனுப்புகிறார்கள். பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

ஆனாலும் மறுநாள் காலையில் துடைத்தார்.

துடைக்கத் துடைக்கத்தான் தெரிந்தது. எண்ணெய்மேல் எண்ணெய், அதன்மேல் தூசி, அதன்மேல் மறுபடியும் எண்ணெய். லேத்தின் நீளமான அடித்தளத்தின்மேல் சப்பாத்தி மாவுப் பதத்தில் கறுப்பாக ஒன்று அப்பியிருந்தது. கொஞ்சம் எடுத்து விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தார். குத்தியது. மகள் கடைந்தபோது விழுந்த இரும்புத் தூள்.

அதன்மேல்தான் இத்தனை நாளும் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

மனைவி தங்கமணி காப்பியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இப்பவாச்சும் துடைக்கோணும்னு தோணுச்சே உங்களுக்கு."

அதற்குள் சமையலறையில் போன் அடித்தது. தங்கமணி காப்பியை வைத்துவிட்டு ஓடினாள். அன்று ஞாயிற்றுக்கிழமை, மணி பத்து. ஓசூரிலிருந்து மகள் நித்யகலா கூப்பிடும் நேரம்.

ஓசூருக்குப் போன முதல் வருஷம் அந்தப் பெண், "அப்பாகிட்ட குடும்மா" என்று ஒவ்வொரு வாரமும் கேட்டாள்.

"எண்ணெய் விட்டுட்டிருக்கேன்னு சொல்லு" என்பார் இவர்.

பொய்யும் இல்லை. கையில் கேன் இருக்கும்.

இரண்டாம் வருஷத்திலிருந்து அவள் கேட்பதை விட்டுவிட்டாள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் கொஞ்சம் அதிக நேரமே எண்ணெய் விட்டார். ஒரு காது சமையலறை ஜன்னல் பக்கம் இருக்கும். தங்கமணி பேசுவது மட்டும் கேட்கும். "இருமல் நின்னுதா" என்று இங்கே கேட்டால், அங்கே இருமல் என்று தெரிந்துகொள்வார். அந்த வாரம் முழுக்க இவருக்குச் சோறு இறங்காது.

ஒரு தடவை "அப்பா" என்று அவள் வாயால் கேட்டுவிட்டால் போதும் என்று ஏங்கினார். ஷெட்டிலிருந்து சமையலறைக்குப் பத்தடி. ஏழு வருஷமாக அந்தப் பத்தடியை அவர் நடக்கவில்லை. அப்படியொரு வறட்டுப் பிடிவாதம் அவருக்கு.

திங்கட்கிழமை காலையில் மறுபடியும் கணபதிக்குப் போனார்.

"துடைச்சுட்டனுங்க. பளபளன்னு இருக்குது. ஆனா சக் ஒரு இம்மி சுத்த மாட்டேங்குதுங்க."

மேஸ்திரி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நகக்கண்களைப் பார்த்தார். பத்தும் கறுப்பாக இருந்தன.

பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

சென்னியப்பன் வீட்டுக்கு வந்ததும் லேத்தின் தலைப்பக்க மூடியைக் கழற்றினார். உள்ளே பழைய எண்ணெய் பிசினாகி நின்றது. ஸ்க்ரூ டிரைவரால் தொட்டபோது நூல் நூலாக வந்தது.

"ஓட்டவே இல்லையா?"

"இல்லீங்க."

"ஏனுங்க?"

"புள்ள வந்து ஓட்டட்டும்னு விட்டுட்டனுங்க. அவ வரும்போது எல்லாம் அப்படியே இருக்கோணும். வந்து சுவிட்சைப் போட்டா ஓடோணும். அதுக்குத்தானுங்க இத்தனையும்."

மேஸ்திரி டீசல் ஊற்றிக் கழுவினார். கழுவி எடுக்கப் பாதிக் காலைப் பொழுது போனது. பிறகு புது எண்ணெயைக் குழிகளில் விட்டார்.

"ஓடினாத்தாங்கண்ணா இது உள்ளே போகும்."

சொல்லிக்கொண்டே, இரும்பைச் சீவும் டூலைப் பின்னால் எடுக்கக் கைப்பிடியில் கை வைத்தார்.

"அதைத் தொடாதீங்க!"

சென்னியப்பன் கத்தியதில் தங்கமணி வாசலுக்கே வந்துவிட்டாள்.

மேஸ்திரி கையை எடுத்துக்கொண்டார். குனிந்து பார்த்தார். கடையும் இரும்பைக் கவ்விச் சுற்றும் சக்கில் ஒரு உருளை. மணிக்கட்டுப் பருமன். பாதி கடைந்து, பாதி கடையாமல், முழுக்க கிரீஸ் பூசி வைத்திருந்தது. கடைந்த பாதியும் கடையாத பாதியும் சேரும் இடத்தில் டூலின் முனை பதிந்து நின்றது.

"அது அவ கடைசியா கை வெச்ச இடமுங்க" என்றார் சென்னியப்பன். குரல் இறங்கிவிட்டது. "போற அன்னிக்கு அப்படியே விட்டுட்டுப் போயிட்டா. வெலக்கிட்டா, அப்புறம் அவ வெச்சதுன்னு இந்த வீட்டுல என்னதானுங்க இருக்குது எனக்கு?"

மேஸ்திரி அந்த இடத்துக் கிரீஸை விரலால் வழித்தார். நகத்தால் மெதுவாகத் தடவினார். டூல் முனைக்குப் பக்கத்தில் ஒரு தழும்பில் நகம் தட்டி நின்றது.

"கடையத் தெரிஞ்சவங்க டூலை வெளிய எடுக்காம மெஷினை நிறுத்த மாட்டாங்க. கரண்டு போச்சா அன்னிக்கு?"

"இல்லீங்க."

"அப்ப அவ நிறுத்தல."

சென்னியப்பன் தரையைப் பார்த்தார்.

"யாருங்கண்ணா நிறுத்துனது?"

வாசலில் நின்ற தங்கமணியும் அவரையே பார்த்தாள். கோபத்தில் பெண் பாதியில் விட்டுவிட்டுப் போனாள் என்றுதான் இந்த ஏழு வருஷமும் அவளிடம் சொல்லி வைத்திருந்தார்.

நடந்தது வேறு. ஓசூர் கம்பெனியிலிருந்து நித்யகலாவுக்கு வேலைக்கான ஆர்டர் வந்திருந்தது. அது இவருக்குப் பிடிக்கவில்லை. தனியாக ஒரு பெண் அவ்வளவு தூரமா, வீட்டிலேயே லேத் வாங்கிப் போட்டுக் கொடுத்திருக்கிறேனே, இங்கே என்ன குறை என்று சத்தம் போட்டுக்கொண்டு ஷெட்டுக்குள் வந்தார். அவள் கடைந்துகொண்டிருந்தாள். டூல் ஒருமுறை இரும்பின்மேல் ஓடி முடிப்பதைக் கட் என்பார்கள். அவள் டூலிலிருந்து கண்ணை எடுக்காமல், "இந்த கட் முடியட்டும்ப்பா. பேசலாம்" என்றாள்.

இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும், மிஞ்சிப்போனால் மூன்று. இவருக்குப் பொறுக்கவில்லை. பெற்ற அப்பனைவிட இரும்பு பெரிதாகப் போய்விட்டதா என்று மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எட்டிச் சுவிட்சை அடித்தார்.

மெஷின் நின்றது. அவள் டூலைப் பார்த்தாள். இவரைப் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். சாயங்கால பஸ்ஸில் ஓசூருக்குக் கிளம்பிவிட்டாள்.

"நான்தானுங்க நிறுத்துனது" என்றார் சென்னியப்பன்.

தங்கமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேஸ்திரி அந்த உருளையை விரலால் தட்டினார்.

"இது என்ன சாமான்? என்ன செஞ்சுட்டிருந்தா?"

"தெரியாதுங்க."

"எத்தனை வருஷம் எண்ணெய் விட்டீங்க?"

"ஏழு."

"கேக்கவே இல்லையா?"

சென்னியப்பன் உருளையைத் தொடப்போய்க் கையை இழுத்துக்கொண்டார்.

பெஞ்சின்மேல் அவருடைய போன் கிடந்தது. மேஸ்திரி அதை எடுத்தார். அன்றைக்குப் பனியன் வேஸ்டை வைத்தது போலவே அவர் கையில் வைத்தார். பிறகு வெளியே போய், ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

சென்னியப்பன் அந்த எண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை. தினமும் எடுத்துப் பார்த்துவிட்டு மூடி வைக்கிற எண்தான்.

மணி அடித்தது. நாலாவது மணியில் எடுத்தாள். பின்னால் மெஷின் சத்தம்.

"அப்பா?"

கேட்க நினைத்ததெல்லாம் அவருக்கு மறந்துபோனது. கண்ணில் நீர் முட்டியது. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பா, அம்மாவுக்கு ஏதாச்சும்..."

"இல்ல அம்மிணி. அம்மா நல்லாத்தான் இருக்கா. இந்த உருளை... அன்னிக்கு என்ன செஞ்சுட்டிருந்தே?"

எந்த உருளை, என்றைக்கு என்று அவள் கேட்கவில்லை.

"ஒண்ணும் செய்யலப்பா. சும்மா கடைஞ்சு பழகிட்டிருந்தேன்."

சென்னியப்பன் உருளையைப் பார்த்தார். பழகுவதற்குப் போட்ட இரும்புத் துண்டு. அதற்கு ஏழு வருஷம் கிரீஸ் பூசியிருக்கிறார். சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது. வந்தது சிரிப்பில்லை.

"அது இன்னுமா சக்குல இருக்குது?" என்றாள்.

"நீ வெச்ச எடத்துலயே. டூல்கூட நகரல. நான் யாரையும் தொட விடல அம்மிணி."

அந்தப் பக்கம் அவள் மெஷின் ஓய்ந்து நிற்கும் சத்தம் மட்டும் கேட்டது. டூலை வெளியே எடுத்துவிட்டுத்தான் நிறுத்தியிருப்பாள்.

"எவ்வளவு பாக்கி இருக்குப்பா?"

அவர் உருளையின்மேல் கையை வைத்து அளந்தார்.

"நாலு விரக்கடை."

"லேத் ஓடுமா?"

"துடைச்சு, கழுவி, எண்ணெய் விட்டிருக்குது. ஓட்டினாத்தான் உள்ள போகுமாம்."

"அப்ப டூலை அரைச் சுத்து பின்னால எடுங்க. நீங்களே எடுங்க. பயப்படாதீங்க, மறுபடி அதே எடத்துக்கு வந்துரும்."

அவர் கைப்பிடியைப் பிடித்தார். அரைச் சுற்றுத் திருப்பினார். ஏழு வருஷமாகப் பதிந்திருந்த முனை, சத்தமில்லாமல் விலகி வந்தது.

"சுவிட்சைப் போடுங்க."

அந்தச் சுவிட்சை அவர் அன்றைக்கு அடித்ததோடு சரி. அப்புறம் விரல்கூடப் படவில்லை. இப்போது போட்டார். மோட்டார் முனகியது. சக் தயங்கி அசைந்தது, பிறகு சுற்றியது. புது எண்ணெய் உள்ளே இறங்க இறங்கக் கரகரப்பு குறைந்துகொண்டே வந்தது. போனில் அவள் மூச்சு விடுவது கேட்டது. அவளும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சரியாயிருச்சு. இப்ப டூலை அரைச் சுத்து முன்னால. அப்புறம் வலது கைப்பக்கம் சின்ன லிவர் இருக்கும், அதைக் கீழே அழுத்துங்க, டூல் தானா நகரும்."

செய்தார். டூல் பழைய தழும்பைத் தொட்டது, தாண்டியது. கறுத்த தோல் உரிந்து வெள்ளையாகச் சுருள் விழுந்தது.

சென்னியப்பன் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

"அம்மிணி, அன்னிக்கு நான்..."

"இந்த கட் முடியட்டும்ப்பா. பேசலாம்."