காவக்காரனை அறுக்கப் போன டாக்டர்

டாக்டர் சபேசன் இருக்காரே, தும்முனாக்கூட இங்கிலீஷ்லதான் தும்முவாரு. அவரு வார்டுக்குள்ள நுழைஞ்சா அங்க சுத்துற பூனைகூட எந்திரிச்சு நிக்கும். அந்தப் பூனை ஒருநாள் அவரு நாற்காலியிலயே குட்டி போட்டுச்சு, அந்தக் கதை கெடக்கட்டும்.

அன்னைக்கு ஆட்டுக்காரக் கொப்பையா காய்ச்சலோட படுத்திருந்தாரு. தொடை இடுக்குல எலுமிச்சங்காயாட்டம் வீக்கம்.

"லிம்ஃபடினோபதி. நாளைக்கு அறுத்து எடுத்துப் பாத்துரலாம்"னாரு டாக்டர். கொப்பையாவுக்கு மூஞ்சி வெளுத்துப் போச்சு.

தரை தொடச்சுட்டிருந்த ஆயா வெள்ளத்தாயிக்குப் பொறுக்கல. "நெறிதானய்யா கட்டியிருக்கு?"ன்னா.

டாக்டருக்குச் சுள்ளுன்னு ஏறிடுச்சு. "நெறியாம்! நான் சொன்ன பேரைத் திருப்பிச் சொல்லு பாப்போம். வரலேன்னா நாளைலேருந்து வேலைக்கு வராத."

வெள்ளத்தாயி நாக்கை மடக்கி மடக்கிப் பாத்தா, வரல. "அந்தப் பேருக்கு என்னய்யா அர்த்தம்?"

"நிணநீர் முடிச்சு வீங்கியிருக்குன்னு அர்த்தம். அதுதான் உடம்புக்குக் காவல். கிருமி வந்தா பிடிச்சு நிறுத்தும்."

"அப்ப காவக்காரன் மல்லுக்கட்டி வீங்கிக் கெடக்கான். அவனை அறுக்கப் போறீங்களே, திருடனைத் தேடுனீங்களாய்யா? நெறின்னா நாங்க மொதல்ல காலைத்தான் பாப்போம்."

சொல்லிக்கிட்டே போர்வையை விலக்கி, கொப்பையாவோட குதிகாலைத் திருப்புனா. உள்ள ஒடைஞ்ச கருவேல முள்ளு, சுத்திலும் சீழ்.

டாக்டர் குனிஞ்சு முள்ளுக் குத்துன எடத்தைத் தொட்டுப் பாத்தாரு. அப்புறம் சீட்டுல எழுதுன நீளப் பேரை அடிச்சுட்டு, மெதுவாக் கேட்டாரு: "நெறிக்குப் பெரிய றியா, சின்ன ரியா?"

"அது தெரியாதுங்கய்யா. காலைப் பாக்கணும்னு மட்டுந்தான் தெரியும்."