குடிவராத அறைக்கும் கதவு எண்

“பதினோராயிரத்து நூற்று எழுபத்திரண்டு கொரிய எழுத்து! நாளைக்குள் அத்தனைக்கும் எண் நெட்டுரு ஆகணும். ஒன்று தப்பினாலும் மொட்டையடித்துக் கழுதைமேல் ஊர்வலம்!” என்று கத்தினார் மாறவேள் ராஜா.

விகடகவி துடியன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். நல்ல அடர்த்தியான குடுமி. சபையில் அவன் வாய்க்கு அடுத்தபடி பேர்போனது அதுதான்.

வினை எப்படி வந்தது தெரியுமா? ராஜா அரண்மனைக்குக் கணினி வாங்கியிருந்தார். கதையில் ராஜா கணினி வாங்கக் கூடாதா என்ன? கொரியத் தூதர் யூன் வருகிறார், அவர் மொழியிலேயே வரவேற்பு எழுதணும். கணினிக்கோ எண்ணைத் தவிர ஒரு மண்ணும் தெரியாது. எண்ணைத் தட்டினால்தான் எழுத்து வரும்.

“துடியனுக்குத்தான் மூளை வழிகிறதே, அவனே மனப்பாடம் செய்யட்டும்” என்று கொளுத்திப் போட்டவர் அகோரம் பிள்ளை. இலாகா இல்லாத மந்திரி. வேலை இல்லாதவருக்கு வேறென்ன வேலை?

துடியன் வீட்டுக்குப் போனான். அரண்மனையில் கொடுத்தனுப்பிய பட்டியலில் கொரிய எழுத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தான். ஒவ்வொன்றும் ஒரு கட்டம். உள்ளே தலை, நடு, வால் என்று துண்டுகள். அந்தத் துண்டுகளின் வரிசையை மட்டும் பார்த்துவிட்டுத் தூங்கிப்போனான்.

மறுநாள் சபையில் பிள்ளை தேடிப் பிடித்து ஒரு தலை, ஒரு நடு, ஒரு வால் எடுத்து ஒட்டிப் பலகையில் எழுதினார்.

“இதற்கு எண் என்னடா?”

துடியன் விரலை மடக்கி முணுமுணுத்தான். “ஒன்பதாயிரத்து முந்நூற்று எழுபத்தாறு.”

தட்டினார்கள். திரையில் அதே எழுத்து! தூதர் யூன் திருதிருவென்று விழித்தார்.

“எங்கள் நாட்டில் இதை யாரும் எழுதியதே இல்லையே! தும்மினால்கூட இந்தச் சத்தம் வராதே!”

பிள்ளை துள்ளினார். “மாட்டினான்! இல்லாத எழுத்துக்கு எண் சொல்கிறான், புளுகன்! நாவிதரைக் கூப்பிடுங்கள்!”

“பொறும் பிள்ளைவாள்” என்றான் துடியன். “மன்னா, இந்த எழுத்தெல்லாம் சேர்ந்து ஓர் ஊர். தலைத்துண்டுக்கு ஒன்றாகப் பத்தொன்பது தெரு. தெருவுக்கு இருபத்தொரு வீடு, அது நடு. வீட்டுக்கு இருபத்தெட்டு அறை, அது வால். வாலில்லாத எழுத்துக்கு முதல் அறை. இவர் காட்டிய கதவுக்கு முன்னால் எத்தனை கதவு என்று பெருக்கிக் கூட்டினேன், அவ்வளவுதான். கதவு இருக்கிறது, எண்ணும் இருக்கிறது. இன்னும் யாரும் குடிவரவில்லை.”

“ஆளே இல்லாத அறைக்கு எண் எதற்காம்?” என்று சீறினார் பிள்ளை.

“இலாகாவே இல்லாத மந்திரிக்கு நாற்காலி எதற்கோ, அதற்குத்தான்!”

சபை குலுங்கியது. ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் காதுவரை சரிந்தது. துடியன் குடுமிக்குத் தேய்க்க ஒரு குடம் நல்லெண்ணெய் பரிசு.

“அது சரி துடியா, நான் சொன்னபடி எல்லாவற்றையும் நெட்டுரு போட்டாயா?”

“ஒன்றுகூட இல்லை, மன்னா” என்று குடுமியை உதறி முடிந்துகொண்டான் துடியன்.