நான்கு அன்னம் எழுதிய தவளை

நாணல் குளத்தில் ஒரு தவளைப் பெண் இருந்தாள். முதுகில் மஞ்சள் வரி ஓடியதால் எல்லாரும் அவளை வரிச்சி என்று கூப்பிடுவார்கள். அவளுக்குத் தம்பி தங்கைகள் முப்பது பேர். முப்பதும் இன்னும் கால் முளைக்காத தலைப்பிரட்டைகள்.

அந்த வருஷம் கோடை முந்திக்கொண்டது. குளம் வற்றி வற்றி, நடுவிலே ஒரு பள்ளத்தில்தான் தண்ணீர் மிச்சம். கால் உள்ளவர்கள் எங்கேயாவது தாவிப் பிழைத்துக்கொள்ளலாம். வால் மட்டும் உள்ளவர்கள் எங்கே போவார்கள்? வரிச்சிக்கு அதுதான் கவலை. விடிந்ததும் பள்ளத்துக்கு ஓடுவாள். முப்பது வாலும் ஆடுகிறதா என்று பார்ப்பாள். பார்த்த பிறகுதான் பள்ளிக்கூடம் போவாள்.

பள்ளிக்கூடம் கரையோரத்து மருதமரத்தடியில். வாத்தியார் ஒரு கொக்கு. பாடம் நடக்கும்போது பிள்ளைகளைத் தின்பதில்லை என்று எல்லார் முன்னாலும் சத்தியம் செய்துவிட்டு வேலைக்கு வந்தவர். சொன்ன சொல் தவறாதவர். மணி அடித்ததும் தவளைப் பிள்ளைகள் மட்டும் கொஞ்சம் வேகமாக வீட்டுக்குப் போவார்கள், அவ்வளவுதான்.

கொக்கு வாத்தியாருக்குக் கட்டுரை என்றால் உயிர். தேக்கிலையில் எழுதிக் கொடுக்க வேண்டும். முன்னுரை இருக்க வேண்டும், முடிவுரை இருக்க வேண்டும். நடுவிலே தாமரை, நிலா, அன்னம் எல்லாம் வர வேண்டும். படித்துப் பார்ப்பதற்கு முன்னால் இலைக்கட்டை அலகால் தூக்கிப் பார்ப்பார். கனமாக இருந்தால் நல்ல மார்க்கு!

ஒரு தடவை வரிச்சி, "குளத்தில் தண்ணீர் குறைகிறது. பயமாக இருக்கிறது" என்று அரை இலையில் எழுதிக் கொடுத்தாள். வாத்தியார் அதைத் தலைகீழாகப் பிடித்து உதறினார்.

"இதிலே முன்னுரை எங்கே விழுந்துபோச்சு? ஒரு தாமரையாவது உண்டா? பயமா இருக்காமே பயம்! நூற்றுக்கு இரண்டு!"

பிள்ளைகள் எல்லாரும் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். குரங்குப் பயல் மரத்தில் தொங்கிக்கொண்டே, "ரெண்டு மார்க்கு ராணி வர்றா, வழி விடுங்க!" என்று கத்தினான்.

அன்றைக்கு வரிச்சிக்கு அவமானம் தாங்கவில்லை.

இப்படி இருக்கையில் ஒரு நாள் மலையிலிருந்து யானை இறங்கி வந்தார். வருஷத்துக்கு ஒரு முறை கோடையில் வருவார். மலையோடையின் நடுவே ஒரு பெரிய பாறை உண்டு. அதை இந்தப் பக்கம் உருட்டினால் தண்ணீர் புங்கன் குளத்துக்குப் போகும். அந்தப் பக்கம் உருட்டினால் நாணல் குளத்துக்கு வரும். உருட்டுகிற பலம் அவர் ஒருவருக்குத்தான். உருட்டிவிட்டு மலைக்குப் போனால் அடுத்த கோடைக்குத்தான் திரும்புவார்.

எந்தக் குளம் எப்படி இருக்கிறது என்று நேரில் போய்ப் பார்க்க அவரால் முடியாது. கரைச் சேற்றில் கால் வைத்தால் இடுப்பு வரை இறங்கிவிடுவார். போன வருஷம் பெரியவர்களைக் கேட்டார். ஆளாளுக்கு ஒரு கணக்குச் சொல்லிச் சண்டை போட்டார்கள். அதனால் இந்தத் தடவை வேறு யோசனை செய்து, கொக்கு வாத்தியாரை ஓடைப் பாறைக்கு வரவழைத்தார்.

"வாத்தியாரே, உங்க பிள்ளைங்க 'எங்கள் குளம்' என்று கட்டுரை எழுதட்டும். பிள்ளைங்க பொய் சொல்லாது. கேட்டுவிட்டு நான் முடிவு செய்கிறேன்!"

"முதல் பரிசு உண்டுங்களா?" என்று கேட்டார் கொக்கு.

"ஒரு கரும்பு!"

கரும்பு என்றதும் பள்ளிக்கூடமே பரபரத்தது. எல்லாரும் நேராகக் கிளியக்காவிடம் ஓடினார்கள். எந்தத் தலைப்புக் கொடுத்தாலும் கிளியக்காவிடம் மாதிரிக் கட்டுரை உண்டு. அவளுடைய பாட்டன் மனப்பாடம் செய்தது, அவள் வரைக்கும் வந்திருக்கிறது. ஒரு கொய்யாப்பழம் கொடுத்தால் கடகடவென்று ஒப்பிப்பாள். கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

வரிச்சியும் கொய்யாப்பழத்தோடு போய் நின்றாள்.

"கிளியக்கா, குளம் இப்போ அப்படி இல்லையே?" என்று தயங்கினாள்.

"ஏடி, உனக்கு மார்க்கு வேணுமா, குளம் வேணுமா?" என்றாள் கிளி.

வரிச்சிக்கு அந்த இரண்டு மார்க்கு ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு எழுதினாள். எழுதுவதுதான் எழுதுகிறோம், மற்றவர்களைவிட ஒரு படி மேலே இருக்கட்டும் என்று நினைத்தாள். கிளி ஒரு அன்னம்தான் சொன்னாள். வரிச்சி நான்கு அன்னம் எழுதினாள்!

மறுநாள் எல்லாரும் ஓடைப் பாறையருகே கூடினார்கள். புங்கன் குளத்தில் பள்ளிக்கூடம் கிடையாது. அங்கிருந்து ஒரு எருமையம்மா மட்டும் வந்தாள். "எனக்கு எழுதத் தெரியாதுங்க. தண்ணி முட்டளவு இருக்கு. அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு ஓரமாக நின்று அசைபோட்டாள்.

கொக்கு வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார்.

அணில் எழுதியது: "எங்கள் குளம் வானத்தின் கண்ணாடி. கரை ததும்பும் நீரில் கயல்கள் துள்ளும். தாமரைகள் முகம் கழுவும். அன்னம் நடை பழகும். ஆகவே குளத்தைக் காப்போம், குலத்தைக் காப்போம்!"

கீரி எழுதியதும் அதேதான். குரங்கு எழுதியதும் அதேதான். பாதியிலே கொஞ்சம் கடித்துத் தின்றிருந்தான், அது ஒன்றுதான் வித்தியாசம்.

கடைசியில் வாத்தியார் வரிச்சியின் இலைக்கட்டைத் தூக்கினார். அலகு தாழ்ந்தது. "ஆகா, என்ன கனம்! நான்கு அன்னம்! இதுதான் முதல் பரிசு!"

எல்லாரும் கைதட்டினார்கள். குரங்குப் பயல்கூடத் தட்டினான். யானை கரும்பை எடுத்து வரிச்சியின் முன்னால் வைத்தார். அவளைப்போல ஐம்பது மடங்கு நீளம்! வரிச்சிக்கு நெஞ்சு பூரித்தது.

யானைக்கும் ஒரே சந்தோஷம். "பதினோரு பிள்ளைங்க எழுதியிருக்கு. பதினொன்றும் கரை ததும்புது என்றே சொல்லுது. அன்னமே வந்து குடியிருக்கிற குளத்துக்கு இன்னும் எதுக்குத் தண்ணீர்? பாவம், புங்கன் குளத்தில் முட்டளவுதானாம். அங்கேயே போகட்டும்!"

சொல்லிக்கொண்டே போய்ப் பாறையில் தும்பிக்கையை வைத்தார். பாறை கொஞ்சம் அசைந்தது.

வரிச்சிக்குக் காலையில் பார்த்த பள்ளம் கண் முன்னால் வந்தது. இரண்டு வால் வெளியே சேற்றில் துடித்துக்கொண்டிருந்தன. அவள்தான் வாயால் கவ்வி உள்ளே விட்டுவிட்டு வந்தாள். நாலு நாள் தாங்குமா அந்தத் தண்ணீர்? இப்போது பேசினால் கரும்பு போகும், மானம் போகும். பேசாவிட்டால் முப்பது உயிர் போகும்.

ஒரே தாவு! பாறையின் உச்சியில் போய் உட்கார்ந்தாள்.

"உருட்டாதீங்க ஆனையய்யா!"

"அம்மாடி, இறங்கு! நசுங்கிப்போவாய்!"

"இறங்க மாட்டேன்! எங்க குளத்திலே தண்ணி இல்லை! நான் எழுதினது பொய்!"

வாத்தியாரின் இறகு சிலிர்த்தது. "ஏ வரிச்சி! பரிசு வாங்கின வாயால் என்ன பேச்சு இது?"

யானை காதை விசிறிக்கொண்டு கேட்டார். "அப்படியானால் அந்த நான்கு அன்னம்?"

"அன்னம் கறுப்பா சிவப்பா என்றுகூட எனக்குத் தெரியாதுங்க அய்யா! கிளியக்கா ஒன்று சொன்னாள். மார்க்குக்காக நான் மூன்று சேர்த்தேன்!"

"ஐயய்யோ, என்னை ஏன்டி இழுக்கிறே?" என்று கிளி மரத்தின் உச்சிக்குப் பறந்தாள். "எங்க பாட்டன் காலத்துக் குளம் அது! அப்போ ததும்பிச்சு, சொன்னேன்! இப்போ ததும்புதா என்று என்னை யாராவது கேட்டீங்களா?"

யானை மெல்லத் திரும்பினார். "வாத்தியாரே, நீர் சத்தியம் தவறாதவர். தினமும் அந்தக் குளத்தில் நிற்கிறவர். உண்மையைச் சொல்லும். தண்ணீர் உமக்கு எதுவரைக்கும் வரும்?"

கொக்கு தன் காலைக் குனிந்து பார்த்தார். நகத்துக்கு மேலே சேறு காய்ந்து வெடித்திருந்தது.

"நகம்... நகம் நனையும்."

"இது தெரிந்துமா முதல் பரிசு கொடுத்தீர்?"

"நான் கனத்தைத்தானே பார்த்தேன்!" என்றார் கொக்கு. சொன்ன பிறகு அவருக்கே அது நன்றாகப் படவில்லை. அலகை இறகுக்குள் செருகிக்கொண்டார்.

யானை இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். அப்போது எருமையம்மா அசைபோடுவதை நிறுத்தினாள்.

"இதிலே யோசிக்க என்ன இருக்கு? எங்களுக்கு முட்டளவு இருக்கு. சேறு கிடைச்சாலே நாங்க படுத்துப்போம். அந்தப் பிள்ளை வீட்டுப் பக்கமே திருப்பிவிடுங்க!"

வரிச்சி கீழே குதித்தாள். யானை முழங்காலை மடித்து, நெற்றியைக் கொடுத்து, 'ஹும்' என்று ஒரு முட்டு முட்டினார். பாறை கடகடவென்று அந்தப் பக்கம் உருண்டது. ஓடைத் தண்ணீர் ஒரு கணம் திகைத்தது. பிறகு சலசலவென்று நாணல் குளத்தை நோக்கி ஓடியது.

வரிச்சி அதற்கும் முந்தி ஓடினாள். கரும்பை யார் எடுத்தார்கள் என்று அவள் பார்க்கவே இல்லை. பள்ளத்தின் ஓரத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்தாள். காய்ந்த சேற்று வெடிப்புகளை நிரப்பிக்கொண்டு தண்ணீர் வந்தது. அவள் கால் நனைந்தது, வயிறு நனைந்தது. முப்பது வாலும் ஒரே சமயத்தில் அவளைச் சுற்றி ஆடின.

கண்ணால் கண்டதை விட்டுவிட்டுக் கடன் வாங்கிய அழகை எழுதினால் கைதட்டல் கிடைக்கும், ஆனால் தாகம் தீராது!